சார் ரவுண்ட்ஸ்ல இருக்காரு

கோயமுத்தூர் வரைக்குமுங்களா அம்மிணி? நல்லதாப் போச்சு, நானும் உக்கடந்தான். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறீங்களா? கண்ணுல தண்ணி வருது பாருங்க. காத்துக்குத்தானுங்க, வேற ஒண்ணுமில்ல.

ஒரு டம்ளர் மோரு குடுத்தாங்க. அவ்வளவுதானுங்க. பதினோரு வருசம் ஒரு மனுசனைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டவ, ரெண்டு பஸ்ஸு மாறி, உச்சி வெயில்ல நடந்து அவரு வூட்டுக்குப் போறேன். அவரு சம்சாரம் ஒரு டம்ளர் மோரை நீட்டிட்டு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டாங்க. அவரு பக்கத்துல இல்லீங்க. எனக்கும் அவருக்கும் நடுவுல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. மோருல உப்புக்கூடப் போடலை. மறந்திருப்பாங்க, அதை நான் குத்தமாச் சொல்லலீங்க. ஆனா ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தவங்களுக்கு ஒரு வாய் சாப்பாடு போடறது இருக்குதில்லீங்களா.

சொல்றேனுங்க. பொள்ளாச்சி தாண்டவே நேரமாகும், கேட்டுக்கிட்டே வாங்க. நான் சாந்தாமணி. கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி. பேரு வேண்டாமுங்க, எனக்கு இன்னும் அங்க நாலு வருச சர்வீஸ் இருக்குது. அங்க ஒர்க்ஸ் மேனேஜர் திருமூர்த்தி சாருக்கு நான் செகரட்டரியா இருந்தேன். இப்ப டெஸ்பாட்ச்ல தூக்கிப் போட்டுட்டாங்க, அட்டைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டற எடத்துல. அங்க ஒரு போன்கூட இல்லீங்க. போன் இல்லாத மேசையில நான் எதுக்கு உக்காரணும்? உக்காந்திருக்கேன்.

எங்க சாரு அப்ரண்டீசா வந்து, மண்ணுல கை வச்சு, படிப்படியா மேல போனவருங்க. அறுநூறு பேருக்கு மேல அவரு. அத்தனை பேரு பேரும் தெரியும், அவங்க புள்ளைங்க என்ன படிக்குதுன்னும் தெரியும். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா ஷாப் புளோர் முழுக்கச் சுத்தி வருவாரு. அதுக்குப் பேரு ரவுண்ட்ஸு. கம்பெனியில எல்லாரும் ரவுண்ட்ஸுக்குப் போவாங்க, ஆனா ரவுண்ட்ஸுன்னு சொன்னா அது எங்க சாரு போறதுதான்.

எங்க கம்பெனியில ஆபீசருங்களுக்கு வெள்ளை ஹெல்மெட்டு, தொழிலாளிங்களுக்கு மஞ்சள். சாரோட ஹெல்மெட்டு ரூமுக்கு வெளிய, கதவுப் பக்கத்துல ஒரு ஆணியில தொங்கும். ஹெல்மெட்டு தொங்கினா சாரு உள்ள இருக்காரு. ஆணி காலியா இருந்தா ரவுண்ட்ஸ்ல இருக்காரு. என்கிட்டக் கேக்கக்கூட வேண்டாம். படிக்கட்டு ஏறி வர்றவங்க அங்கிருந்தே ஆணியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருவாங்க. யாரு இப்படி ஏற்பாடு பண்ணினதுன்னு தெரியாது. அது அப்படியே பழகிப் போச்சுங்க.

போன தை மாசம் கம்பெனியில ஃபவுண்டரியை மூடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வார்ப்பு எல்லாம் வெளிய வாங்கிக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நாப்பத்தி ஒரு பேரு. லெட்டரை நான்தானுங்க டைப் அடிச்சேன். ஒவ்வொருத்தரையா ரூமுக்குக் கூப்பிட்டு, சாரு கையாலயே குடுக்கணும்னு எம்.டி. ஆர்டரு. மத்தவங்க குடுத்தா சண்டை வரும், உங்க கையால குடுத்தா வாங்கிக்குவாங்கன்னாரு. அது நெசந்தானுங்க. ஒருத்தருகூடச் சத்தம் போடலை. மூணு நாளு ஆச்சு நாப்பத்தி ஒரு பேருக்கும் குடுத்து முடிக்க.

கடைசியா வந்தவரு மயில்சாமி. அவரும் சாரும் ஒரே நாள்ல அப்ரண்டீசா சேர்ந்தவங்க, ஒரே தூக்குப் போசில சாப்பிட்டவங்க. லெட்டரை வாங்கி மடிச்சுப் பையில வச்சாரு. அப்புறம் சாரு கையைப் புடிச்சுக்கிட்டு, "எனக்குப் பரவால்ல மூர்த்தி, நான் வேற எங்காச்சும் போயிக்குவேன். உனக்குத்தான் கஷ்டம்"னாரு. நான் அங்கதான் ஃபைலோட நின்னுட்டு இருந்தேன். திட்டியிருந்தாக்கூடச் சாருக்குப் பரவால்லீங்க. அப்படிச் சொன்னா அந்த மனுசன் என்ன பண்ணுவாரு?

அன்னிக்கி மயில்சாமி போனதுக்கப்புறம், "சாந்தாமணி, கொஞ்ச நேரம் யாரையும் உள்ள விடாதீங்க"ன்னாரு. லைட்டை அணைச்சுட்டாரு. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. உள்ள பாத்ரூம்ல குழாய் ஓடற சத்தம் கேட்டுச்சு. நெம்ப நேரம் ஓடிச்சுங்க.

அப்பப் பார்த்து குவாலிட்டி மேனேஜர் படி ஏறி வர்றாரு. ஆணியில ஹெல்மெட்டு தொங்குது, ரூம்ல லைட்டு இல்லை, கதவு சாத்தியிருக்குது. ஒர்க்ஸ் மேனேஜர் இருட்டுல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சா என்ன ஆகுங்க? கேண்டீன்ல சாயங்காலத்துக்குள்ள கதை கட்டிருவாங்க. எனக்கு ஒரு நிமிசந்தான். எந்திரிச்சுப் போயி ஹெல்மெட்டைக் கழட்டி, என்ற மேசையில அடி டிராயர்ல வச்சு, மேல ஒரு மஞ்சப்பையப் போட்டு மூடிட்டேன். அவரு வந்தாரு. "சார் ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க"ன்னேன். ஆணியைப் பார்த்தாரு, போயிட்டாரு.

அதுதானுங்க ஆரம்பம். மொதல்ல வாரத்துக்கு ஒரு நாளு. மாசி மாசத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா. அப்புறம் தெனமும். அவரு தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டா என்ற கை தானாப் போயி ஹெல்மெட்டை எடுத்துரும். டீ கொண்டு போவேன். இருட்டுல உக்காந்திருப்பாரு, மேசையில ரெண்டு கையும் விரிச்சு வச்சுக்கிட்டு. கை நடுங்கும். நான் பார்க்காத மாதிரி டீயை வச்சுட்டு வந்துருவேன். கையெழுத்து நேரா வராதுங்க, கோணும். கையெழுத்து வேணுங்கற பேப்பரை எல்லாம் காலையில ஒம்பது மணிக்குள்ள வாங்கிருவேன், அப்ப கொஞ்சம் நிதானமா இருப்பாரு. ஒரு தடவை ஒரே லெட்டரை மூணு தடவை சொல்லி எழுத வச்சாரு. மூணும் வேற வேற மாதிரி. நான் நல்லா இருந்ததை அனுப்பிட்டேன்.

யாருக்காச்சும் தெரிஞ்சுதுங்களா? ஒரு பூச்சிக்குத் தெரியாது. அவரு சொல்லவேண்டிய பதிலை நான் மெயில்ல போட்டேன். அவரோட பாஸ்வேர்டு என்கிட்டத்தானுங்க பதினோரு வருசமா. மீட்டிங்கைத் தள்ளி வச்சேன். "நம்ம சாரு இந்த வருசம் ரவுண்ட்ஸ் நெம்பப் போறாரு"ன்னு கேண்டீன்ல பேசிக்கிட்டாங்களாம். ஃபவுண்டரி போனதுக்கப்புறம் மத்த ஆளுங்க மேல அக்கறையா இருக்காருன்னு அவங்களுக்குப் பெருமை. அதைக் கேட்டு எனக்கும் பெருமைதானுங்க. வூட்டுக்குப் போனா எனக்கு யாரு இருக்காங்க, டி.வி.தான். காலையில கம்பெனிக்குள்ள நுழைஞ்சா எனக்கு ஒரு மனுசனைக் காப்பாத்தற சோலி இருந்துச்சு.

நடுவுல கம்பெனியில ஒரு மேடத்தைப் போட்டாங்க. எஸ்தர்னு பேரு. மனசு சரியில்லாதவங்க போயிப் பேசலாம்னு, பழைய ஃபர்ஸ்ட் எய்டு ரூமைக் காலி பண்ணி, ரெண்டு நாற்காலி, ஒரு பூந்தொட்டி எல்லாம் வச்சுக் குடுத்தாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு வருவாங்க. ஆளுங்க போனாங்க. வெல்டிங்ல ஒரு பையன் போயிட்டு வந்து குடியையே விட்டுட்டான்னாங்க. நல்லதுதானே.

அந்தம்மா ஒரு நாளு என்ற மேசைக்கு வந்தாங்க. "சாந்தாமணிக்கா, கீழ இருக்கறவங்க எல்லாரும் வர்றாங்க. மேல இருக்கறவங்கதான் யாரும் வர்றதில்லை. அவங்களுக்குச் சொல்லிக்க ஆளே இல்லை. நாப்பத்தி ஒரு பேருக்கு லெட்டர் குடுத்தவருகிட்ட யாராவது நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்களா?"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நான் எதுக்கு இருக்கேன்? "நான் இருக்கேனுங்களே மேடம்"னேன். சிரிச்சாங்க. "சாரைப் பார்க்கணும்"னாங்க. ரவுண்ட்ஸ்ல இருக்காருன்னு சொன்னேன். ஆணியைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. மறுக்கா வந்தாங்க, மறுக்காவும் அதேதான் சொன்னேன். மூணாவது தடவை விடலீங்க, வெயிட் பண்றேன்னு அங்கயே நாற்காலியில உக்காந்துக்கிட்டாங்க. அரை மணி நேரம். எனக்கு வேர்த்துப் போச்சு. "மேடம், சாரு கெஸ்ட் வந்திருக்காங்கன்னு அப்படியே மெயின் கேட்டுக்குப் போயிட்டாரு, இன்னிக்கி இனி வரமாட்டாரு"ன்னு சொல்லித் தாட்டி விட்டேன். புதுசா வந்தவங்க. சாரைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஃபைல்ல ஏதாச்சும் எழுதி எம்.டி.க்கு அனுப்பிட்டா? மேனேஜருக்கு மூளை சரியில்லைன்னு ஒரு தடவை பேரு வந்துட்டா, அது போகுமுங்களா? நீங்களே ஒரு ஆபீஸ்ல இருக்கறவங்க மாதிரித் தெரியறீங்க, உங்களுக்குத் தெரியாததா.

அப்புறம் அந்த ஃபார்ம் வந்துச்சு.

கம்ப்யூட்டர்ல வந்துச்சுங்க, மேனேஜருங்களுக்கு மட்டும். நாலு பிளாண்ட்டு மேனேஜருங்களும் ரகசியமா நிரப்பி அனுப்பணும். மனசு எப்படி இருக்குதுன்னு இருவத்தி நாலு கேள்வி. சாரு மெயிலுக்கு வர்ற ஃபார்ம் எல்லாம் நான்தானுங்க நிரப்பறது. இன்சூரன்ஸு, லீவு, அவரு பையன் காலேஜ் அப்ளிகேஷன்கூட நான்தான் நிரப்பினேன். அதனால இதையும் நிரப்பினேன். இதுல என்ன தப்பு?

தூக்கம் எப்படின்னு ஒரு கேள்வி. நல்லா வருதுன்னு போட்டேன். சாப்பாடு? ருசிச்சுச் சாப்பிடறாருன்னு போட்டேன். டிபன் பாக்ஸு முழுசாத் திரும்பிப் போறது எனக்குத் தெரியும், ஆனா அதை எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதுவாங்களா? "கடந்த இரண்டு வாரங்களில் காரணம் இல்லாமல் அழுதது உண்டா"ன்னு ஒரு கேள்வி. "ஒருபோதும் இல்லை"ன்னு போட்டேன். அது பொய் இல்லீங்க அம்மிணி. காரணம் இல்லாம அவரு எங்க அழுதாரு? காரணத்தோடதானே அழுதாரு. கடைசிக் கேள்வி ஒண்ணு. வாழ்ந்து என்ன பிரயோசனம்னு தோணுதாங்கற மாதிரி. அதைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு பெரிய மனுசனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா அது? "ஒருபோதும் இல்லை"யை அழுத்தி வச்சேன்.

சாருக்கு எவ்வளவு மார்க்குன்னு நினைக்கறீங்க? நாலு பிளாண்ட்டுலயும் எங்க சாருதான் ஃபர்ஸ்ட்டு. ஹெட் ஆபீஸ்ல இருந்து பாராட்டி மெயில் வந்துச்சு. அதோட நின்னுச்சுங்களா? இவ்வளவு கஷ்டமான நேரத்துலயும் மனசை இப்படித் திடமா வச்சிருக்காரே, மத்த மேனேஜருங்களுக்கு இவரு பேசினா உபயோகமா இருக்கும்னு சொல்லி, சித்திரை மாசம் ஒரு நாளு குறிச்சுட்டாங்க. காலையில பதினொன்றரை மணி. வீடியோவுல. தலைப்பு, "பொறுப்பில் இருப்பவர் மனதைக் காப்பது எப்படி."

அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துச் சாருகிட்டக் காட்டினேன். படிச்சாரு. "இந்த ஃபார்மை நான் எப்பங்க நிரப்பினேன்?"னு கேட்டாரு. "நான்தான் சார் போட்டேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு"ன்னேன். திட்டியிருக்கலாம் இல்லீங்களா? திட்டலை. செரி, பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பேச்சையும் நானே எழுதினேன். வாரப் பத்திரிகையில இருந்து கொஞ்சம், நானா கொஞ்சம். காலையில நடக்கணும், கோவம் வந்தா பத்து எண்ணணும், கஷ்டத்தை மனசுக்குள்ள போட்டு வச்சுக்காம நம்பிக்கையானவங்ககிட்டச் சொல்லணும். அஞ்சு பாயிண்ட்டு. முந்தின நாளு சாயங்காலம் படிச்சுப் பார்த்தாரு. "யாருங்க இந்த ஆளு? நல்லா இருக்கானே"ன்னாரு. "நீங்கதான் சார்"னேன். சிரிச்சாருங்க. மூணு மாசத்துக்கப்புறம் மொத தடவையா சிரிச்சாரு. சத்தம் போட்டுச் சிரிச்சாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, பழையபடி நம்ம சாரு திரும்பி வந்துட்டாருன்னு.

மறுநாளு. அதைச் சொல்றேன்.

காலையில நெசமாவே ரவுண்ட்ஸ் போனாரு. வழக்கத்தை விட நேரம் எடுத்துச்சு. ஒவ்வொரு மெஷின்கிட்டயும் நின்னு பேசிட்டு வந்தாராம், அப்புறம் சொன்னாங்க. மூடின ஃபவுண்டரிக்குள்ளகூடப் போயிட்டு வந்தாராம். பத்து மணிக்கு மேல வந்து ஹெல்மெட்டை ஆணியில மாட்டினாரு. "சாந்தாமணி, நீங்க சாப்ட்டீங்களா?"ன்னாரு. எப்பவும் கேக்க மாட்டாரு. உள்ள போயித் தாழ்ப்பாள் போட்டாரு. நான் ஹெல்மெட்டை எடுத்து டிராயர்ல வச்சேன்.

பதினோரு மணிக்கு டீயோட கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பேச்சைப் படிச்சுப் பழகிட்டு இருப்பாருன்னு நினைச்சேன். பதினொன்றரைக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து போன், எல்லாரும் உக்காந்தாச்சு, சாரு இன்னும் வீடியோவுல வரலையேன்னு. "மெஷின் ஷாப்ல ஒரு அவசரமுங்க, சாரு ரவுண்ட்ஸ்ல இருக்காரு"ன்னேன். தானா வந்துருச்சுங்க வாயில. அவங்களும், "பார்த்தீங்களா, இதுதான் பொறுப்பு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பேச வச்சுட்டாங்க.

பன்னெண்டு மணிக்கு அவரு சம்சாரம் வசுமதியம்மா கூப்பிட்டாங்க. "காலையில பத்து மணிக்குப் போன் பண்ணினாரு, கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப எடுக்க மாட்டேங்கறாரு. கொஞ்சம் பார்க்கறீங்களா?"ன்னாங்க. "ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க மேடம், போனை மேசையில விட்டுட்டுப் போயிட்டாரு"ன்னேன். போன் உள்ள அடிக்கறது எனக்குக் கேக்குது. மறுக்கா கூப்பிட்டாங்க. மறுக்கா. நாலு தடவை. கடைசித் தடவை அழுதுட்டாங்க. "உள்ள போயி ஒரு எட்டுப் பாருங்க சாந்தாமணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னாங்க. "இருக்காருங்க மேடம், நீங்க எதுக்கு வெசனப்படறீங்க, வந்ததும் பேசச் சொல்றேன்"னு வச்சுட்டேன். வூட்டுக்காரம்மாவுக்கு மட்டும் எப்படிச் சொல்றது? அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அவரு ஆபீஸ்ல உக்காந்து அழுதாரு.

ஒன்னே முக்காலுக்கு எங்க பிளம்பிங் காண்ட்ராக்ட் காதர் பாய் படி ஏறி வர்றாரு. மாடிக்கு மேல தண்ணித் தொட்டி பார்க்கப் போனவரு. சட்டை எல்லாம் வேர்வை. "அக்கா, சாரு மேல இருந்தாரு. கூட்டிட்டு வந்து கீழ நெழல்ல உக்கார வச்சிருக்கேன். டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "சாரு ரவுண்ட்ஸ்ல இருக்காருங்க பாய், நீங்க வேற யாரையோ பார்த்திருப்பீங்க"ன்னேன். சொல்றப்பவே எனக்குத் தெரியும், ஹெல்மெட்டு என்ற கால்கிட்ட டிராயர்ல இருக்குது. அந்த நேரத்துல நான் எதை நம்பினேன்னு கேட்டா எனக்கே தெரியலீங்க.

ரூமுக்குப் பின்னால ஒரு கதவு. நெருப்புப் புடிச்சா எறங்கறதுக்குன்னு வச்ச இரும்புப் படிக்கட்டு. அது வழியா மேல போயிருக்காரு. பத்தேகால்ல இருந்து நான் காலி ரூமுக்குக் காவல் இருந்திருக்கேன். சித்திரை வெயிலுங்க, அவரு அங்க மூணரை மணி நேரம்.

காத்து வாங்கத்தான் போயிருக்காரு. வேற எதுக்குப் போகப்போறாரு? ஷூவைக் கழட்டி ஓரமா வச்சிருந்தாராம். மாடியில வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்குதில்லீங்களா, அழுக்காயிரும்னு கழட்டியிருப்பாரு, நெம்பச் சுத்தம் பார்க்கறவரு. வாட்ச்சும் ஐ.டி. கார்டும் ஷூவுக்குள்ள இருந்துச்சாம். வெயிலுக்குக் கையெல்லாம் பிசுபிசுங்கும், அதனால இருக்கும். கைப்பிடிச் செவத்து மேல உக்காந்திருந்தாராம். காதர் பாய் சத்தம் போடலையாம். பக்கத்துல போயி உக்காந்து, மிதவை வால்வு ரிப்பேராப் போச்சு, தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்குதுன்னு பேச ஆரம்பிச்சாராம். எந்த சைஸு வால்வு போடலாம், பித்தளையா பிளாஸ்டிக்கான்னு முக்கால் மணி நேரம் அதையே பேசியிருக்காரு. கடைசியில சாரு, "பித்தளையே போடுங்க பாய்"ன்னாராம். அப்புறம் காதர் பாய் ஷூவை எடுத்துக் குடுத்துக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாராம்.

ஒரு பிளம்பருக்குக் கம்பெனியில மேடை போட்டுச் சால்வை போத்தினாங்க. முக்கால் மணி நேரத்துக்கு! நான் மூணு மாசம் பார்த்துக்கிட்டேன், பதினோரு வருசம் பார்த்துக்கிட்டேன். எனக்கு என்ன குடுத்தாங்க? ஸ்டிக்கரு.

எம்.டி. கூப்பிட்டு விசாரிச்சாரு. எஸ்தர் மேடமும் இருந்தாங்க. டிராயர்ல இருந்த ஹெல்மெட்டை மேசை மேல வச்சிருந்தாங்க, கொலைக் கேஸு மாதிரி. அந்தம்மா ஃபார்மை எடுத்துக் காட்டி, "இதை யாருக்கா நிரப்பினது?"ன்னாங்க. நான் ஒளிக்கலை. "சாரு ஃபார்ம் எல்லாம் நான்தானுங்களே"ன்னேன். அவங்க ஒண்ணும் திட்டலீங்க. நெத்தியில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் என்கிட்ட, "உங்களுக்குத் தூக்கம் எப்படிக்கா இருக்குது?"ன்னு கேட்டாங்க. என்னை என்னத்துக்குக் கேக்கறாங்க? ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும், அது வயசுக்கு வர்றது. நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்.

இப்பச் சாரு ஆறு மாச லீவுல, அவரு சொந்த ஊருல இருக்காரு. மாத்திரை சாப்பிடறாரு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கோயமுத்தூர் வந்து டாக்டரைப் பார்க்கறாராம். ஒடம்பு கொஞ்சம் போட்டிருக்குது. கை நடுங்கலை, இன்னிக்கிப் போனதும் நான் மொதல்ல கையைத்தான் பார்த்தேன். எனக்கு மனசு எவ்வளவு நெறைஞ்சு போச்சு தெரியுங்களா. ஆனா பேச விட்டாத்தானே? நான் ஆபீஸ் சங்கதி எடுத்தா வசுமதியம்மா, "அதெல்லாம் வேண்டாமுங்க"ங்கறாங்க. புது மேனேஜர் வந்திருக்காரு சார்னேன், "அதெல்லாம் வேண்டாமுங்க." கடைசியில எந்திரிச்சு நின்னு, "அடுத்த பஸ்ஸு மூணு மணிக்கு"ன்னாங்க. கெளம்புன்னு சொல்றதுக்கு அவங்க ஊருல அதுதான் மரியாதை போல.

சாருதான், "நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்"னு செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தாரு. அந்தம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. ஸ்டாப்புல ஒரு புளியமரம், அதுக்குக் கீழ நின்னோம். தூரத்துல பஸ்ஸு தெரிஞ்சதும் சொன்னாருங்க.

"சாந்தாமணி, உள்ள உக்காந்திருந்தா நீங்க வெளிய பேசறது அத்தனையும் எனக்குக் கேக்கும். எஸ்தர் மேடம் மொத நாளு வந்தாங்களே, அவங்க குரல் கேட்டதும் நான் எந்திரிச்சு வந்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிரணும்னு கதவு வரைக்கும் வந்து, தாழ்ப்பாள்ல கை வச்சுட்டேன். அப்பத்தான் நீங்க ரவுண்ட்ஸ்ல இருக்காருன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் கதவைத் திறந்தா உங்களைப் பொய்க்காரியாக்கின மாதிரி ஆயிருமே. உங்க மூஞ்சியில முழிக்க முடியுமா? திரும்பிப் போயி உக்காந்துட்டேன். அவங்க வந்தப்ப எல்லாம் அப்படித்தான்."

பாருங்க, எப்பேர்ப்பட்ட மனசு. அந்த நெலமையிலும் என்ற மானத்தை நினைச்சிருக்காரு. அப்படி ஒரு மேனேஜரை நீங்க பார்த்திருக்கீங்களா?

பஸ்ஸு வந்து நின்னுருச்சு. கண்டக்டரு ஏறுங்க ஏறுங்கன்னு கத்தறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பரவால்லீங்க சார்"னு சொன்னேன். அவரு என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாருன்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரியாம உங்க பேச்சைக் கேட்டுட்டேன்னு கேக்கறாருன்னு நினைச்சு, "அதெல்லாம் பரவால்லீங்க சார், நீங்க மனசுல வச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். அவரு என்னையே பார்த்துட்டு நின்னாரு. பஸ்ஸு எடுத்ததுக்கப்புறமும் அங்கயேதான் நின்னாரு. ஏறி உக்காந்தப்புறம்தான் எனக்கு...

இல்லீங்க. மன்னிப்புத்தான் கேட்டாரு. வேற எதுக்கு அத்தனை தூரம் வெயில்ல கூட வந்து அதைச் சொல்லப்போறாரு? மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்காரு.

ஏனுங் அம்மிணி, நீங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?